நூறு கிலோ பெல்ட்டும் புரட்டாசி முட்டைகளும்

சேஃப்டி பெல்ட்டின் முதுகுப் பக்கம் ஒரு சின்ன வெள்ளைத் துணி தைத்திருந்தது. அதில் பொடி எழுத்தில் ஏதேதோ அச்சடித்திருந்தார்கள். நாலு வருஷமாக அந்த பெல்ட்டைப் போட்டுக்கொண்டுதான் கிரேனுக்கு ஏறினேன். ஒரு நாளும் அந்தத் துணியைப் படித்ததில்லை. எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். பொடி எழுத்தைப் பார்த்தாலே, இது நமக்கு எழுதியதல்ல என்று கண் தானாகத் தாண்டிப் போய்விடும். ஆடி மாத நடுவில் புதிதாக வந்த சேஃப்டி ஆபீசர் அதைப் படித்தார். படித்துவிட்டு என்னைப் பார்த்தார். மறுபடி துணியைப் பார்த்தார். ஷூ, ஹெல்மெட் எல்லாம் சேர்த்து நூறு கிலோ வரைக்கும்தான் அந்த பெல்ட் தாங்கும் என்று போட்டிருந்ததாம்.

டிஸ்பாட்சில் சரக்கு எடை போடுகிற மேடைத் தராசில் என்னை நிற்கச் சொன்னார். நூற்று ஒன்பது.

அவர் என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவர். மரியாதையாகத்தான் பேசினார். பெரிய பெல்ட் கேட்டு ஆபீசுக்கு எழுதுவதாகச் சொன்னார், எழுதவும் செய்தார். இந்த பெல்ட்டுக்கு மட்டும்தான் அனுமதி என்று பதில் வந்தது. மூன்று மாதம் தருகிறேன், அதற்குள் நூறுக்குள் வந்துவிடுங்கள், இல்லாவிட்டால் கீழே செயின் மாட்டுகிற வேலைக்கு மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை என்றார். சம்பளத்தில் பெரிய வித்தியாசம் வராது என்றும் சொன்னார். என் கவலை சம்பளமாக இருந்திருந்தால் அன்றைக்கு நான் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், பழைய இரும்பை உருக்கிக் கட்டையாக வார்க்கிற கம்பெனி எங்களுடையது. கூரைக்குக் கீழே ஓடும் கிரேனில் ஒரு தகரக் கேபின் உண்டு. பதினேழு வருஷம் அதில் உட்கார்ந்திருந்தேன். நாற்பத்திரண்டு படி ஏணி, நேர்செங்குத்து. அங்கே உட்கார்ந்து காந்தத்தால் ஸ்கிராப்பை அள்ளி ஃபர்னஸில் போடுவேன், வார்த்த கட்டைகளைக் கட்டுக் கட்டாகத் தூக்கி அந்தக் கோடியில் அடுக்குவேன். சின்ன வயதிலிருந்தே நான் பயந்தவன். பஸ் வரவில்லை என்றால் பயம், பஸ் வேகமாகப் போனாலும் பயம். பிள்ளைக்கு இருமல் வந்தால் முதலில் எனக்குத்தான் மூச்சுத் திணறும். ஆனால் கேபினில் உட்கார்ந்து லீவரைப் பிடித்துவிட்டால் அந்தப் பயத்துக்கு ஒரு வேலை கிடைத்துவிடும். தொங்குகிற பாரம் என் கையில் இருக்கிறது, நான் பயந்தால் அது மெதுவாகப் போகும், அவ்வளவுதான். என்னைப் போல மெதுவாக ஓட்டுகிறவன் இல்லை என்று திட்டுவார்கள். அந்தத் திட்டு எனக்குப் பிடிக்கும்.

கீழே நிற்பது அப்படியல்ல. முன்பு ஒரு முறை செயின் நழுவி ஒரு கட்டு விழுந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கீழே இருந்தவர்கள் ஓடியதை நான் மேலிருந்து பார்த்தேன். எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல், தலையைக் கையால் மூடிக்கொண்டு ஓடினார்கள். ஒன்றரை டன் இரும்புக்கு எதிராகக் கை. அன்றிலிருந்து, என்ன ஆனாலும் நான் மேலே இருக்க வேண்டும் என்று மனதுக்குள் ஒரு பிடி.

கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் ஹார்டுவேர் கடை மாடியில் ஒரு ஜிம் இருக்கிறது என்று கண்டுபிடித்தவள் என் மனைவி. காலை ஷிஃப்ட் இரண்டு மணிக்கு முடியும். மூன்று மணிக்கு ஜிம்மில் நிற்பேன். அந்த நேரத்தில் வருகிறவர்கள் எல்லாரும் ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள்தான். பாதிப் பேர் கம்பெனி பேன்ட்டோடேயே குனிந்து நிமிர்வார்கள். மாஸ்டருக்கு முப்பது வயது இருக்கும். என் வயிற்றைப் பார்த்துச் சிரிக்காத முதல் ஆள் அவர். முதல் நாளே ஒரு அட்டை கேட்டார். என்னிடம் கான்டீன் அட்டைதான் இருந்தது. அதன் பின்னால் அவரே எழுதிக் கொடுத்தார். பயிற்சிக்கு ஒரு மணி நேரம் முன்னால் ஒரு முட்டை, ஒரு வாழைப்பழம். முடிந்து அரை மணிக்குள் இரண்டு முட்டையின் வெள்ளை, ஒரு கிண்ணம் சுண்டல். சோறு ஒரு கரண்டி.

இளைக்க வேண்டும் என்று வந்தவனிடம் தின்னச் சொல்கிறாரே என்று எனக்குக் குழப்பம். பட்டினி கிடந்தால் கொழுப்போடு சதையும் சேர்ந்து போகும், சதை போனால் உடம்பு எரிக்கிறதும் குறைந்துவிடும், அப்புறம் கொஞ்சம் தின்றாலும் ஏறும் என்று சொல்லிப் பார்த்தார். அதனால்தான் பயிற்சியை ஒட்டிப் புரோட்டீன் என்றார். மெட்டபாலிசம் என்று ஒரு வார்த்தை நடுநடுவே வந்துகொண்டே இருந்தது. அது என்ன என்று கேட்க வெட்கமாக இருந்தது. கேட்டுவிட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "உங்க கம்பெனி ஃபர்னஸ் மாரிதாண்ணா. சூடா இருந்தாத்தான் போட்டத உருக்கும். ஆற வுட்டீங்கன்னா அவ்ளோதான்."

எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது. ஃபர்னஸ் எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆனால் ஃபர்னஸ் தெரியும். நாங்கள் ஷாப் என்று சொல்கிற எங்கள் ஷெட்டில் அதை ஆற விடுவதுதான் பெரிய குற்றம். ஆறினால் உள்ளே இருக்கிற இரும்புக் குழம்பு கட்டி தட்டிவிடும், சுவர் வெடிக்கும். அதனால் விடாமல் ஸ்கிராப்பைச் சார்ஜ் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். குழம்பு கொஞ்சம் இறங்கினால் போடு, இன்னும் இறங்கினால் இன்னும் போடு. பதினேழு வருஷம் மேலிருந்து நான் செய்தது அதுதான். மாஸ்டர் சொன்ன மற்றதெல்லாம் எனக்கு மறந்துபோனாலும் அந்த ஒரு வார்த்தை போதும் என்று நினைத்துக்கொண்டு படியிறங்கினேன்.

ஆவணி முழுக்க நன்றாகத்தான் போனது. ஜிம்முக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு ரயில்வே கேட். சூலூர்பேட்டைப் பக்கம் போகிற வண்டி, சரக்கு வண்டி, எதிர்ப் பக்கம் எக்ஸ்பிரஸ் என்று மூடினால் திறக்கவே மாட்டார்கள். மாஸ்டர் சொன்ன அரை மணி எனக்குள் ஓட ஆரம்பிக்கும். இருபது நிமிஷம், இருபத்தைந்து நிமிஷம். அதற்கு மேல் தாங்காது. என் ஸ்கூட்டர் பெட்டியில் வைத்திருக்கிற முட்டையை எடுத்து அங்கேயே உரிப்பேன். ஓடு சட்டைப் பையில். ஆட்டோவில் தினமும் என் பக்கத்தில் வந்து நிற்கிற ஒருத்தர், "இன்னா நைனா, கோழிய எங்க கட்டி வச்சிகினு வர்ற?" என்று கேட்பார். வாயில் முட்டையோடு நான் தலையை மட்டும் ஆட்டுவேன். சிரிக்கக்கூடப் பயம், நேரம் போய்விடும்.

ஆவணிக் கடைசியில் டிஸ்பாட்ச் தராசில் நூற்று நாலு காட்டியது. ஏறி இறங்கி மறுபடி ஏறினேன். நூற்று நாலுதான். வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி என் பேன்ட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்து, இடுப்பில் இரண்டு விரல் போகிறது என்று அன்று ராத்திரி ஜெபத்தில் சொன்னாள். அந்த மூன்று மாதத்தில் பயம் இல்லாமல் நான் இருந்தது அந்த ஒரு வாரம்தான்.

அப்புறம் புரட்டாசி பிறந்தது.

எங்கள் ஷாப்பில் பாதிக்கு மேல் திருவள்ளூர், திருத்தணி, பொதட்டூர்பேட்டைப் பக்கத்து ஆட்கள். புரட்டாசி முழுக்க அவர்கள் கவுச்சி தொட மாட்டார்கள், முட்டையும்தான். ஆனால் கான்டீன்காரருக்கு அதெல்லாம் கிடையாது. தலைக்கு ஒரு முட்டை என்று எழுதியிருந்தால் தட்டில் முட்டை விழுந்துவிடும். மற்ற வருஷங்களில் அந்த முட்டைகள் மேஜை மேஜையாகப் போய் யார் யாருக்கோ சேரும். இந்த வருஷம் நான் இளைப்பதற்காக முட்டை தின்கிறேன் என்று ஷாப் முழுக்கத் தெரிந்திருந்தது. நாங்கள் கிறிஸ்தவர்கள், எனக்கு விரதம் இல்லை என்பதும் தெரியும்.

முதலில் கொண்டுவந்து வைத்தவர் ஃபர்னஸில் இருக்கிற திருவள்ளூர்க்காரர். சனிக்கிழமையானால் நெற்றியில் நாமத்தோடு ஹெல்மெட் போடுகிறவர். பதினைந்து வருஷப் பழக்கம். அவர் தட்டிலிருந்து முட்டையை என் தட்டுக்கு உருட்டிவிட்டார். எனக்கு ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்றேன்.

"யோவ், எங்க பெருமாள் வேணான்றாரு. உங்க ஏசு இன்னா சொல்றாரு, வேணான்றாரா? துன்னுய்யா. மேல ஏறணுமா வேணாமா?"

மேஜை சிரித்தது. நானும் சிரித்தேன். அடுத்தவரும் உருட்டினார். அடுத்த வாரம், முட்டை போடுகிற நாளெல்லாம் ஏழு எட்டு என் தட்டில் சேர்ந்தது. மாஸ்டர் வெள்ளையை மட்டும்தான் சொல்லியிருந்தார். ஆனால் ஒருத்தர் சாமிக்காக விட்டதை எனக்காகக் கொடுக்கிறார், அவர் கண் முன்னால் மஞ்சள் கருவைப் பிய்த்துக் குப்பையில் எப்படிப் போடுவது? முழுசாகத் தின்றேன். புரோட்டீன்தானே, சதை வளரும், சூடு ஏறும், போட்டதை உருக்கும். அப்படித்தான் நம்பினேன்.

வீட்டிலும் அதே கதை. ஊரே கோழி வாங்காததால் விலை இறங்கிவிட்டது. வாரத்துக்கு ஒரு நாள் வாங்கிய மனைவி மூன்று நாள் வாங்கினாள். உங்க மாஸ்டர் புரோட்டீன்தானே கேட்டார் என்றாள். குழம்பு இருக்கும்போது ஒரு கரண்டிச் சோற்றோடு எழுந்திருக்க முடியவில்லை. போதாததற்கு, ஷிஃப்டில் ஒரு முட்டைக்கும் அடுத்த முட்டைக்கும் நடுவில் உள்ளே ஆறிவிடுமோ என்று எனக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. கேபினில் ஒரு டப்பா நிறைய வறுத்த வேர்க்கடலை வைத்தேன். ஃபர்னஸில் ஒரு சார்ஜ் போட்டால் வாயில் ஒரு பிடி. இரண்டு ஃபர்னஸையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். ஜிம்மில் அதே எடையைத்தான் தூக்கினேன், அதே முக்கால் மணிதான்.

தராசு நூற்று நாலில் ஒரு வாரம் நின்றது. அடுத்த திங்கள் நூற்று ஐந்தரை. மேடையில் இரும்புத்தூள் கிடக்கிறதோ என்று குனிந்து கையால் துடைத்தேன். அதற்கடுத்த திங்கள் நூற்று ஏழு. எடை ஏறுவதைப் பார்த்து பயந்தேன். பயந்து, சூடு போதவில்லை போலிருக்கிறது என்று கடலையைக் கூட்டினேன். இதை இப்போது எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனால் அன்றைக்கு அது எவ்வளவு சரியாகத் தோன்றியது என்று சொன்னால்தான் புரியும். எங்கள் ஷாப்பில் குழம்பு சூடேறவில்லை என்று யாரும் சார்ஜை நிறுத்திப் பார்த்ததில்லை.

புரட்டாசி முடிய நாலைந்து நாள் இருக்கும்போது மாஸ்டரிடம் சொன்னேன். நேற்று காலையிலிருந்து என்னென்ன சாப்பிட்டீர்கள், ஒன்று விடாமல் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். முட்டை ஒன்பதில் வந்து நிற்கும்போது அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கடலை டப்பாவையும் சொன்னேன்.

"அண்ணா, நான் ஃபர்னஸ்னது ஒரு பேச்சுக்குண்ணா," என்றார். அப்புறம், "புரோட்டீனும் சாப்பாடுதாண்ணா. அதுவும் உள்ளதான போவுது."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தன் மேல்தான் தப்பு என்று அவர் முகம் போன போக்கைப் பார்த்து, நான்தான் அவருக்கு ஆறுதல் சொல்லும்படி ஆனது. எடை பார்க்கிற நாளுக்கு அப்போது இரண்டு வாரம் இருந்தது.

அந்த இரண்டு வாரம் நான் பழைய அட்டைக்குத் திரும்பியிருக்க வேண்டும். மாஸ்டரும் அதைத்தான் சொன்னார், மெதுவாகத்தான் இறங்கும், அவசரப்படாதீர்கள் என்றார். அவசரப்படாமல் இருக்க எனக்கு எங்கே தெரியும்? சோற்றை நிறுத்தினேன். முட்டையை நிறுத்தினேன். திருவள்ளூர்க்காரர் உருட்டிய முட்டையைத் திருப்பி உருட்டினேன், அவர் ஒன்றும் புரியாமல் பார்த்தார். மோரும் வெள்ளரிக்காயும்தான். நாலாம் நாள் காலை ஏணியில் ஏறும்போது முப்பதாவது படி வாக்கில் கம்பி இரண்டாகத் தெரிந்தது. காது அடைத்துக்கொண்டது. இரண்டு கையாலும் ஏணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நெற்றியைக் கம்பியில் வைத்து நின்றேன். பெல்ட்டின் கொக்கியை மாட்டியிருந்தேன். மாட்டியிருந்தும், அது நூறு கிலோ வரைக்கும்தான் தாங்கும் என்பது அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்தது. கீழே யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மிச்சப் படிகளையும் ஏறினேன். அந்த ஷிஃப்ட் முழுக்க இதுவரை ஓட்டாத அளவு மெதுவாக ஓட்டினேன்.

மனைவியிடம் மட்டும் சொன்னேன். அவள் கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"கீழயே நில்லுங்க. மேல ஒக்காந்துகினு இன்னா கிரீடமா வச்சாங்க உங்களுக்கு? ஊடு வந்து சேந்தா போதும் எனக்கு."

கீழே நிற்பதுதான் எனக்குப் பயம் என்று அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அப்புறம் அவளும் பயப்படுவாள். ஒரு வீட்டுக்கு ஒருத்தர் போதும். அன்றைக்கு இரண்டு கரண்டி சோறு போட்டாள், சாப்பிட்டேன்.

ஐப்பசியில் எடை பார்த்த அன்றைக்கு நல்ல மழை. டிஸ்பாட்ச் ஷெட்டில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. என் ஷூவும் நனைந்திருந்தது, அது வேறு கவலை. திருவள்ளூர்க்காரரும் கூட வந்திருந்தார். ஷூவைக் கழற்றிவிட்டு ஏறட்டுமே என்று எனக்காகக் கேட்டார். ஷூவோடுதானே மேலே ஏறுவார் என்றார் சேஃப்டி ஆபீசர். மேடையில் நின்று நான் மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்தேன். மூச்சுக்கு எடை இல்லை என்று எனக்கும் தெரியும்.

நூற்று மூன்றரை.

மூன்றரை கிலோதானே சார் என்றார் திருவள்ளூர்க்காரர். சேஃப்டி ஆபீசர் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "அண்ணே, நான் வுட்டுடுவேண்ணே. நீங்க வுழுந்தா அந்த பெல்ட்டு என்னக் கேட்டுட்டு அறுந்துபோவாது," என்றார்.

வெளியே வந்ததும் திருவள்ளூர்க்காரர் தன்னால்தான் இப்படி ஆனதோ என்று ஆரம்பித்தார். முட்டையை முதலில் உருட்டியது அவர்தானாம். அவருக்கும் ஆறுதல் சொன்னேன். அந்த மாதம் எனக்கு அதுவே வேலையாக இருந்தது.

மறுநாள் கீழே இறங்கினேன். மேலே ஒடிசாக்காரர் ஒருத்தரைப் போட்டார்கள். பக்கத்துக் கம்பெனியில் கிரேன் ஓட்டியவர், ஒல்லி, குரங்கு மாதிரி ஏறுவார். கட்டைக் கட்டில் செயினை மாட்டிவிட்டுப் பின்னால் பத்து அடி போய்க் கையை உயர்த்தினால் அவர் தூக்குவார். பத்து அடி என்பது விதி. நான் இருபது அடி போனேன். பாரம் எங்கே போகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் நடந்துகொண்டே இருப்பேன். என் தலைக்கு மேல் ஒன்றும் இருக்கக் கூடாது. அவர் தப்பாக ஓட்டுகிறவரில்லை. ஆனால் அது அவர் கை. என் பயத்துக்கு மறுபடி வேலை போய்விட்டது, அது சும்மா நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.

கூட நிற்பவர்கள் கிண்டல் செய்வார்கள். கட்டு அங்கே தூக்கினால் இவர் வேப்பம்பட்டு வரைக்கும் போய்விடுகிறார் என்பார்கள். போனேன்தான். எட்டு மணி நேரமும் முன்னே பத்து, பின்னே இருபது என்று ஃபர்னஸ் அனலில் நடந்துகொண்டே இருந்தேன். ஜிம்முக்குப் போகத் தெம்பில்லை. மாஸ்டருக்கு போன் செய்தபோது, இதுவே ஒர்க்கவுட்தான் அண்ணா என்றார். ஷிஃப்டுக்கு முன்னால் ஒரு முட்டை, முடிந்து அரை மணிக்குள் இரண்டு வெள்ளை, சுண்டல், மற்றபடி அட்டையில் உள்ளதுதான், அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம் என்றார். அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம் என்பதை இரண்டு முறை சொன்னார்.

தை மாதம் ஒரு திங்கட்கிழமை தராசு தொண்ணூற்றெட்டு காட்டியது. ஷூவோடு, ஹெல்மெட்டோடு. மனைவியிடம்கூடச் சொல்லாமல் நேராக சேஃப்டி ஆபீசரிடம் போனேன். அவர் எழுந்து வந்து தராசைப் பார்த்தார். உண்மையாகவே சந்தோஷப்பட்டார், கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு, மேலே இருக்கிறவர் நன்றாகத்தான் ஓட்டுகிறார், ஷாப்பிலும் வேலை வேகமாக நடக்கிறது என்கிறார்கள், அவரை இறக்கக் காரணம் ஒன்றும் இல்லை என்றார். பார்க்கலாம் அண்ணே என்றார். அதில் எனக்கு விவாதிக்க என்ன இருக்கிறது? அந்த ஆளுக்கும் ஊரில் குடும்பம் இருக்கும்.

இப்போதும் திங்கட்கிழமை தவறாமல் எடை பார்க்கிறேன். நூறைத் தாண்டிவிட்டால் அந்தப் பார்க்கலாமும் போய்விடும் என்று பயம். முட்டையும் அட்டைப்படிதான். மறுபடி புரட்டாசி வரும், மறுபடி உருட்டுவார்கள், அப்போது என்ன சொல்லி மறுப்பது என்று இப்போதே யோசித்து வைத்திருக்கிறேன்.

பெல்ட் ஏணியடியில் அதே ஆணியில்தான் தொங்குகிறது. ஒரு நாள் டீ நேரம், எல்லாரும் வெளியே போயிருந்தார்கள். எடுத்துப் போட்டுப் பார்த்தேன். வார் ஒடிசாக்காரரின் அளவுக்குக் கடைசித் துளையில் இருந்தது, எனக்கு எட்டவில்லை. தளர்த்தி, என்னுடைய பழைய துளைக்குக் கொண்டுபோனேன். அது இப்போது தொளதொளவென்று இருந்தது. இரண்டு துளை உள்ளே தள்ளி மாட்டினேன், சரியாக இருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். ஏணியில் கை வைக்கவில்லை. வெளியே டீ குடித்து முடித்துத் திரும்பி வருகிற பேச்சுச் சத்தம் கேட்டது. கழற்றி, வாரை மறுபடி அவருடைய துளைக்கே இறுக்கி, ஆணியில் எப்படி இருந்ததோ அப்படியே தொங்கவிட்டேன்.